போர்வைக்குள் இன்னொரு கை

போர்வைக்குள் யாரோ தன்னோடு படுத்திருப்பதாக உஷாந்திக்குத் தோன்றியது, ஏழாம் நாள் பின்னேரம். மூளையில் இரத்தம் கசிந்து, வெடித்த நாளத்துக்குக் கிளிப் போட்டு, இனிப் பிழைத்துவிட்டாள் என்று கொட்டாஞ்சேனையில் உள்ள சொந்தமெல்லாம் நிம்மதியாக மூச்சுவிட்ட பிறகு. டெட்டோல் மணத்துக்கும் மொனிட்டரின் கீச்சொலிக்கும் நடுவே, இடது இடுப்போரம் எதுவோ கிடந்தது. குளிர்ந்து, கனத்து, ஈரமணல் அடைத்த உறையைப் போல.

போர்வையை விலக்கினாள். ஒரு கை.

"சாந்தன், இதை எடுங்கோ," என்றாள் கணவனிடம். "ஆரோ வேற ஆளின்ர கை."

அவன் சிரித்தான். "உங்கட கைதானப்பா."

மணிக்கட்டில் அயன்பொக்ஸ் சுட்ட தழும்பு. அவளுடையதைப் போலவே. ஆனால் அளுத்கடை நீதிமன்றத்தில் பதினெட்டு வருடம் தட்டச்சு செய்த தன் விரல்களை அவளுக்குத் தெரியாதா? மடங்கச் சொன்னாள். அவை கேட்கவில்லை.

சாந்தனின் சிரிப்பு நின்றது. தாதியைக் கூப்பிட ஓடினான்.

ஸ்கேனைப் பார்த்த டொக்டர் ஸமீம் தாமதிக்கவில்லை. "கசிஞ்ச இரத்தம் பட்டு மூளை நாளங்கள் சுருங்கியிருக்கு. உடனே மருந்து விட்டு விரிக்கவேணும்."

தொடை வழியாக மெல்லிய குழாய் ஏறியது. கண்ணுக்குப் பின்னால் சூடு பரவியது. "பய வென்ன எப்பா," பயப்படாதே என்று தாதி சிங்களத்தில் காதருகே சொல்லிக்கொண்டிருக்க, திரையில் நூலாக மெலிந்திருந்த கறுப்புக் கோடுகள் மெல்லத் தடித்தன.

"விரலை மடக்குங்கோ."

மடங்கின. அவளுடைய விரல்கள். உஷாந்தி விம்மி அழுதாள்.

"திரும்பவும் சுருங்குமோ டொக்டர்?" சாந்தன் கேட்டான்.

"சுருங்கலாம். இன்னும் ஒரு கிழமை கவனமா இருக்கவேணும்."

மறுநாள் மதியத் தூக்கம் கலைந்தபோது வார்ட் சிறுத்திருந்தது. இடப்பக்கத்து ஜன்னல் இல்லை. பக்கத்துக் கட்டில் இல்லை. சுவர் இல்லை. அங்கே இருட்டுக்கூட இல்லை.

அந்த இல்லாத பக்கத்திலிருந்து காலடிச் சத்தம் வந்தது. நெருங்கியது. நின்றது.

சாந்தனின் வாசனை. அவன் அவள்மேல் குனிந்தான்.

ஒரு கண். அரை மூக்கு. அரை வாய். மிச்சம் எங்கே?

கத்தப் பார்த்தாள். நாக்கு புரண்டு ஒரு பக்கம் சாய்ந்தது.

அரை வாய் அன்பாக விரிந்தது.

"இனிப் பயமில்லையப்பா," என்றது.