பின்னால் வரும் துடிப்பு

அந்த அலையில் ஒரு மேடு அதிகமாக இருந்தது.

அவள் யோசிக்காமல் குப்பைப் பொத்தானைத் தட்டியிருப்பாள். ஒரு நாளைக்குத் தொள்ளாயிரம் அலை பார்க்கிறவளுக்கு யோசனை எல்லாம் ஆடம்பரம். ஊரில் ஆளுக்கொன்றாகக் கட்டியிருக்கும் கைக்கடிகாரங்கள் தோலுக்குள் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி, உள்ளே இரத்தம் ஏறி இறங்குவதைப் பிடித்து, ஒரு கோடாக இந்த மூன்றாம் மாடிக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். கோடு ஒழுங்காக இருந்தால் ‘நல்லது’. இருதயத்தில் கோளாறு போலத் தெரிந்தால் ‘சந்தேகம்’; அது டாக்டருக்குப் போகும். வார் தளர்ந்தோ கை ஆடியோ கோடு கெட்டுப்போயிருந்தால் ‘குப்பை’. குப்பையில் விழுந்த மாதிரியை அடுத்த முறை கண்டுகொள்ளாமல் விடுவதற்கு எல்லாக் கடிகாரங்களும் அவளிடமிருந்து கற்றுக்கொள்ளும். ஆறு வருடங்களாக இதே மூன்று பொத்தான்கள். இப்போதெல்லாம் கண் பார்ப்பதற்கு முன்பே விரல் தட்டிவிடுகிறது.

இன்று விரல் நின்றது. ஏன் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒவ்வொரு துடிப்பும் ஒரு குன்று மாதிரி ஏறி இறங்கும். இறங்கும் வழியில் ஒரு சின்னத் தோள் இருக்கும். அது எல்லோருக்கும் உள்ளது. இது அந்தத் தோள் இல்லை. குன்று முழுக்க இறங்கித் தரையைத் தொட்ட பிறகு, கொஞ்சம் தள்ளி, அதே வடிவத்தில் இன்னொரு குட்டிக் குன்று. அடுத்த துடிப்புக்கும் அதே தூரத்தில் இன்னொன்று. ஆடிய கை இவ்வளவு ஒழுங்காக ஆடாது.

குளிர்சாதன இயந்திரத்தின் ஓயாத இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனையும், நாற்பது பேர் பேச்சில்லாமல் பொத்தான் தட்டும் ஓசையுமாக எப்போதும்போலத்தான் இருந்தது அந்தக் கூடம். சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் அதே மேடு அறுபத்துமூன்று அலைகளில் வந்தது. இதற்கு முன்னால் எத்தனை வந்திருக்கும், எத்தனையைத் தள்ளியிருப்போம் என்று கணக்குப் போட்டுப் பார்த்தாள்.

அறுபத்துமூன்றில் ஒருவரின் பழைய பதிவுகளைத் திறந்தாள். பெயர் இருக்காது, வெறும் எண்தான். மூன்று மாதத்துக்கு முன்பு கோடு சுத்தம். பிறகு, துடிப்புக்கு வெகுதூரம் பின்னால் ஒரு நிழல் போல அந்த மேடு. வாரத்துக்கு வாரம் கொஞ்சம் கிட்டே. இன்று கிட்டத்தட்டக் குன்றின் அடிவாரத்தில்.

இன்னொரு எண். அங்கே அது போன மாதமே வந்து சேர்ந்திருந்தது. குன்றும் மேடும் ஒன்றாகி ஒரே குன்று. அதற்குப் பிறகு அந்த மனிதருக்கு எழுபத்திரண்டு. படியேறும்போது எழுபத்திரண்டு, தூங்கும்போது எழுபத்திரண்டு, விடிந்ததிலிருந்து இருட்டும்வரை அளவுகோல் வைத்துக் கிழித்தாற்போல எழுபத்திரண்டு. அத்தனைக்கும் ‘நல்லது’ போட்டிருந்தது அவள்தான்.

மேற்பார்வையாளரிடம் போனாள். அவருக்கு அந்த மாடியில் ‘சிடுமூஞ்சி’ என்று பெயர்; தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் கடித்துக் குதறுவார். இன்று நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார்.

“சார், இந்தப் பின்னால வர்ற மேடு… வார் தளர்ந்ததால வர்றது மாதிரி தெரியல.”

“குப்பையில போடும்மா.”

“நாள் ஆக ஆகக் கிட்ட வருது சார். எல்லாருக்கும்.”

“கிட்ட வந்து?”

“சேந்துடுது.”

“சரியாயிடுதில்ல?” என்றார் அவர், வெகு பிரியமாக. “அப்புறம் என்னம்மா?”

இவர் சிடுசிடுத்து எத்தனை நாளாகிறது என்று அவள் எண்ணிப் பார்த்தாள். மேசைமேல் கிடந்த அவர் கையில் கடிகாரம் பச்சையாக மினுக்கியது. எண்ணைப் பார்க்காமல் எழுந்துவிட வேண்டும் என்றுதான் நினைத்தாள். பார்த்துவிட்டாள். எழுபத்திரண்டு.

அன்று சனிக்கிழமை; வீட்டில் எல்லோரும் இருப்பார்கள். அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. பேருந்தில் கம்பியைப் பிடித்திருந்த கைகளை அவள் பார்க்கவில்லை. பயம் வந்துவிட்டது, ஆனால் பஞ்சு சுற்றிய பொருளைத் தொடுவது போலத்தான் அது தட்டுப்பட்டது. ஆறு வருடம் பொத்தான் தட்டியதில் அவளும் கொஞ்சம் மரத்துத்தான் போயிருந்தாள். வாசல் கதவைத் திறந்ததும் கருகல் வாசனை.

சமையலறையில் கணவர் பால் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிக்கொண்டிருந்தார். துணி இல்லை. வெறுங்கை.

“ஐயோ, கை! கை!”

“என்ன கை?” என்றார். அவசரமே இல்லாமல் பாத்திரத்தை மேடையில் வைத்தார். உள்ளங்கைத் தோல் பாத்திரத்தோடு கொஞ்சம் தங்கிவிட்டது. “நீ சீக்கிரம் வந்துட்டியா? காபி போடட்டுமா?”

லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலை அவருக்கு. சீப்பு வைத்த இடத்தில் இல்லையென்றால் வீட்டை இரண்டாக்குகிற மனுஷன். பத்து நாளாகச் சத்தமே இல்லை. தங்கச்சியிடம் போனில், “உங்க மாமா திருந்திட்டார்டி” என்று அவள் சிரித்துக்கொண்டே சொல்லியும் இருந்தாள். திருந்தியது எதனால் என்று இப்போது புரிந்தது. அழுகை வரும் என்று பார்த்தாள். வரவில்லை.

மகள்.

கூடத்தில் நாற்காலியைப் பின்னங்கால்களில் சாய்த்து ஆட்டிக்கொண்டு, பென்சிலைக் கடித்துக்கொண்டு, வீட்டுப்பாடத்தைத் தவிர மற்றதையெல்லாம் செய்துகொண்டிருந்தாள் அந்தப் பத்து வயதுக்காரி. ஓரிடத்தில் நின்றதே இல்லை என்பதால் அவளுக்கு வீட்டில் ‘வாலு’ என்றுதான் பெயர். ஆடுகிற அந்தக் காலைப் பார்த்ததும் அம்மாவுக்கு உயிர் வந்தது. இன்னும் நேரம் இருக்கிறது. இது ஒன்றைக் காப்பாற்றினால் போதும், வேறு எதுவும் வேண்டாம்.

“கையக் குடு.”

“ஏம்மா?”

கடிகாரத்தைக் கழற்றினாள். பள்ளிக்கூடத்தில் கட்டிவிட்டது, நான்கு மாதமாகிறது. மணிக்கட்டில் வெளுத்த வளையம் தெரிந்தது.

“கழட்டினா மிஸ் திட்டுவாங்கம்மா!”

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் பயிற்சியில் சொல்லிக்கொடுத்தபடி, கட்டைவிரல் பக்கமாக மூன்று விரல்களை வைத்து மெல்ல அழுத்தினாள். ஒரு துடிப்பு. உடனே, அதற்குப் பின்னால், மெலிதாக இன்னொன்று. காலியான தெருவில் நடக்கும்போது பின்னால் ஒருவர் நம் அடிக்கு அடி வைத்து வருவது மாதிரி.

கிட்டே வந்துவிட்டது. இடைவெளி விரல் நுனி அகலம்கூட இல்லை.

கடிகாரத்தைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு ஓடிவந்து திரும்பவும் கை வைத்தாள். அது போகவில்லை. டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடலாம். அவர் முதலில் ஒரு கடிகாரத்தைத்தான் கட்டிப் பார்ப்பார். கடிகாரம் இதைக் காட்டாது. இது குப்பை என்று அதற்குச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். தன் விரலை வெட்டிப் போட்டுவிடலாம் போல இருந்தது அவளுக்கு.

“எழுந்திரு. குதி.”

“என்னது?”

“குதிடி! அம்மா எண்றேன்.”

வீட்டுப்பாடத்துக்குப் பதில் குதியாட்டமா? வாலுவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குதித்தாள். சோபாவில் ஏறிக் குதித்தாள். கூடத்தைச் சுற்றி ஓடினாள். நூறு எண்ணியதும் அம்மா கையைப் பிடித்தாள். துடிப்பு தடதடவென்று ஓடியது. பின்னால் வந்தது பின்தங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் பின்தங்கியிருந்தது.

“இன்னும்! இன்னும் குதி!”

சமையலறை வாசலில் கணவர் வந்து நின்றார்.

இன்னொரு நூறு. பிறகு ஐம்பது. வாலுவின் முகம் சிவந்தது, முடி நெற்றியில் ஒட்டியது, சிரிப்பு இருமலானது.

“போதும்மா. மூச்சு வாங்குது.”

“இன்னும் கொஞ்சம்டா தங்கம்.”

“கால் வலிக்குதும்மா…”

பத்து வயதுக் குழந்தை எவ்வளவு நேரம் ஓடும். நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அம்மா தரையில் மண்டியிட்டு அந்தக் கையை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். துடிப்பு தணிய ஆரம்பித்தது. அது தணியத்தானே செய்யும்.

பின்னால் வந்தது தணியவில்லை.

அதே வேகம். நெருங்கியது.

“எழுந்திரு வாலு. எழுந்திரும்மா.”

இன்னும் கிட்டே.

“அம்மா, கை வலிக்குது. விடும்மா…”

இரண்டு.

இரண்டு.

இரண்டா? ஒன்றரை.

ஒன்று.

இழுத்துக்கொண்டிருந்த கை இழுப்பதை விட்டது. மேல்மூச்சு நின்று சீரான மூச்சு வந்தது. நாற்காலியின் நான்கு கால்களும் தரையில் இருந்தன. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள்.

“வாலு?”

மகள் குனிந்து பார்த்தாள். கோபமில்லாத, வலியில்லாத, வெகு பொறுமையான முகம். பிறகு அம்மாவின் கையைத் திருப்பி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே, கட்டைவிரல் பக்கமாக மூன்று விரல்களைச் சரியாக வைத்தாள். அம்மா ஒரு நாளும் கடிகாரம் கட்டியதில்லை. அந்த மாடியில் வேலை செய்பவர்களுக்கு அனுமதி கிடையாது.

மகள் கவனமாகக் கேட்டாள்.

“உனக்கு இன்னும் ரொம்பப் பின்னாடி வருதும்மா,” என்றாள்.

கணவர் வாசல் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். அவளுக்கு அந்தப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். அவளுடைய மற்றக் கையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, அவரும் மூன்று விரல்களை வைத்தார். அப்பாவும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள். பிறகு இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு, ஒரே நேரத்தில் மூச்சை இழுத்து, ஒரே நேரத்தில் விட்டு, அவளுடைய மணிக்கட்டுகளைப் பிடித்தபடி காத்திருந்தார்கள்.