குடையுறைக்குள் நீல அட்டை

தொலைந்த சாமான்களைத் தேடிக் கொடுக்கும் அலுவலகத்துக்கு, எதையும் தொலைக்காத ஒருத்தி வந்து நின்றது அந்த வியாழக்கிழமை காலையில்தான்.

புடாபெஸ்ட்டின் டிராம்களிலும் பஸ்களிலும் ஜனங்கள் மறந்துவிட்டுப் போகும் அத்தனைக்கும் அங்கேதான் அடைக்கலம். குடைகள், பல்செட்டுகள், ஒருமுறை கிளியோடு சேர்த்து ஒரு கூண்டு. இருபத்திரண்டு வருடமாக அந்தக் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவள் எதெல்கா. வயதில் மூத்த பெண்களை அந்த ஊரில் 'நேனி' என்று அழைப்பார்கள் என்பதால் எல்லோருக்கும் அவள் எதெல்கா நேனி. ஒற்றைக் கையுறையைத் திருப்பிப் பார்த்தே அதன் சொந்தக்காரர் என்ன வேலை செய்கிறார் என்று சொல்லிவிடுவாள். பக்கத்துக் கவுண்டர் ஷிகாவுக்கு முப்பத்தைந்து வயது. தானும் ஒருநாள் அப்படிச் சொல்லிவிட வேண்டும் என்பது அவனது நெடுநாள் ஆசை. இப்போதைக்கு அவன் வாய் நிறைய பாலாடைக்கட்டி பிஸ்கட்தான் இருந்தது.

"என்னோடது எதுவும் தொலையல நேனி," என்றாள் வந்தவள். "யாரோட பொருளோ எங்கிட்ட வந்து வந்து சேருது. அதனால நாளைக்கு என் வேலை போகப் போகுது."

ஷிகா பிஸ்கட்டை அப்படியே விழுங்கினான். எதெல்கா ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

அவள் பெயர் பொரோகா. சுற்றுலாப் பயணிகளை நடத்திக் கூட்டிப் போய் ஊரைக் காட்டும் வழிகாட்டி. சனி, ஞாயிறு விடுமுறை. ஆறு வயது மகன் மிஷியோடு கழியும். நகரச் சுற்றுலா அட்டை வாங்கியவர்களுக்கு அவளோடு நடப்பது இலவசம். அந்த அட்டை ஒன்று இருந்தால் டிராம், மியூசியம், வெந்நீர்க் குளம், மிருகக்காட்சிசாலை என்று எல்லாவற்றுக்கும் கதவு திறக்கும். தனித்தனியாக டிக்கெட் எடுத்தால் கையைச் சுட்டுவிடும். மஞ்சள் அட்டை ஒரு நாளுக்கு, நீல அட்டை மூன்று நாளுக்கு. பின்பக்கத்தில் ஆரம்பிக்கும் தேதியையும் மணியையும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

"மூணு வெள்ளிக்கிழமையா, டூர் முடிஞ்சு குடைய மடிச்சு உறையில போடறப்போ உள்ள ஒரு நீல அட்டை கிடக்குது," என்றாள் பொரோகா. "யாரோ மறந்துட்டாங்கன்னு முதல் ரெண்டையும் மேஜை டிராயர்ல வச்சேன். ஒருத்தரும் தேடி வரல. மூணாவதப் போன வாரம் மிஷ்கோல்ட்ஸ்ங்கற ஊர்லேருந்து வந்த ஒரு டீச்சருக்குக் கொடுத்துட்டேன். பாவம், குளத்து வாசல்ல விலைப் பலகையப் பாத்துட்டுத் திரும்பி நடந்தாங்க. உள்ள போனவங்கள, எங்க வாங்கினதுன்னு கேட்டிருக்காங்க. வழிகாட்டி கொடுத்தாங்கன்னு உள்ளதச் சொல்லிட்டாங்க."

"உங்க மேலதிகாரி டிராயரத் திறந்தார்," என்றாள் எதெல்கா.

"கெலெமென் ஐயா. டூரிஸ்ட்டுங்க மிச்சம் வச்ச அட்டைய எடுத்து நான் விக்கறேனாம். நாளைக்கு டூர் முடிஞ்சதும் பேட்ஜைக் கழட்டிக் கொடுத்துடணும். அது போச்சுன்னா எந்தக் கம்பெனியும் என்னச் சேர்த்துக்காது. நானும் என் பையனும் அத வச்சுத்தான் ஓட்டறோம்."

அவள் கைபேசியில் அட்டைகளின் பின்பக்கத்தைப் படம் பிடித்து வைத்திருந்தாள். எதெல்கா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். முதலில் ஆண்டு, அடுத்து மாதம், கடைசியில் நாள். பிறகு மணி: ஒன்பது ஐம்பது. கையெழுத்து இருக்க வேண்டிய இடம் மூன்றிலும் வெறுமை.

"தேதியெல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கு," என்று எட்டிப் பார்த்தான் ஷிகா.

"ஆமா. ரொம்பச் சரியா இருக்கு," என்றாள் எதெல்கா. "டூர் எத்தனை மணிக்கு?"

"பத்து. பன்னெண்டு வரைக்கும்."

"குடையுறை எப்பவும் உங்க கையிலயா இருக்கும்?"

பொரோகா யோசித்தாள். "பத்தரைக்கு மட்டும் பையனுக்கு போன் பண்ணுவேன். அந்த அஞ்சு நிமிஷம் குடையையும் உறையையும் பக்கத்துல நிக்கறவங்க கையில கொடுப்பேன். வெள்ளிக்கிழமைன்னா அந்த பின்லாந்துத் தாத்தாதான் நிப்பார். நாலு வாரமா வர்றார். ஒரு வார்த்தை பேச மாட்டார். எந்த நாடுன்னு கேட்டப்போ பின்லாந்துன்னார், அதோட சரி. அவர் எதுக்கு மூணு நாள் அட்டையத் தொலைக்கப் போறார்? முதல் தடவை மஞ்சள் அட்டையோடதான் வந்தார்."

"அடுத்த தடவைலேருந்து?"

"நீலம்."

அவள் போனதும் ஷிகா நிமிர்ந்து உட்கார்ந்தான். "நேனி, இது போட்டி கம்பெனி வேலை. இவங்க பேரக் கெடுக்க எவனோ திட்டம் போட்டு வைக்கறான். அந்த பின்லாந்து ஆளு கூலிக்கு வந்தவன்."

"மூணு வாரம் அவ்வளவு விலை கொடுத்து அட்டை வாங்கியா ஒருத்தர் பேரக் கெடுப்பான்? ஒரு மொட்டைக் கடுதாசி போதும்டா," என்றாள் எதெல்கா. "நாளைக்கு லீவு எழுதிக் கொடு. ரெண்டு பேரும் ஊர் சுத்தப் போறோம்."

மறுநாள் பொரோகாவின் சிவப்புக் குடையைச் சுற்றி இருபது பேர் நின்றார்கள். பின்லாந்துத் தாத்தா கடைசியில் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, எண்ணெய் வைத்துப் படிய வாரிய வெள்ளை முடி. பொரோகா ஆங்கிலத்தில் விளக்கிக்கொண்டே நடந்தாள். அவள் நகைச்சுவை சொல்லும்போது எல்லோரும் சிரித்தார்கள். அவர் மற்றவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டு அரை விநாடி கழித்துச் சிரித்தார். ஷிகா இதை ஒரு துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டான். குறித்தது எதற்கு என்று அவனுக்கே தெரியாது.

பத்தரைக்குப் பொரோகா குடையையும் உறையையும் அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்று மகனோடு பேசினாள், சொந்த ஹங்கேரிய மொழியில். "இல்லடா செல்லம், இந்த வாரம் இல்ல. மிருகக்காட்சிசாலைக்கு அடுத்த மாசம் போகலாம். ஒட்டகச்சிவிங்கி எங்கயும் ஓடிப் போயிடாது. அழக் கூடாது." அவள் குரல் கரகரத்தது. பெரியவர் டான்யூப் ஆற்றைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். எதெல்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து எல்லோரும் டான்யூப் கரையோர டிராமில் ஏறினார்கள். நாடாளுமன்றத்தைச் சுற்றிக்கொண்டு போகும் இடத்தில் வண்டி வெடுக்கென்று ஒரு பக்கம் சாய, கூட்டமே ஒருவர் மேல் ஒருவர் விழுந்தது. ஷிகா ஒரு ஜெர்மன் அம்மாளின் தொப்பியில் மூக்கை நுழைத்தான். பெரியவர் மட்டும் அசையவில்லை. வளைவு வரும் முன்பே மேல் கம்பியைப் பிடித்திருந்தார். சற்று தூரம் போனதும் ஒரு சைக்கிள்காரன் தண்டவாளத்தின் குறுக்கே பாய்ந்தான். பெரியவரின் வலது கால் தரையை இரண்டு தடவை ஓங்கி மிதித்தது. அதே நேரத்தில் முன்னால் ஓட்டுநரின் மணி இரண்டு தடவை ஒலித்தது.

"தாத்தா தாளம் போடறாரு," என்று கிசுகிசுத்தான் ஷிகா.

"மணி அடிக்கறாருடா," என்றாள் எதெல்கா. அவள் முகம் இளகியிருந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பெரிய சந்தைக் கட்டடத்தின் அருகே டூர் முடிந்தது. கூட்டம் கலைந்தது. கெலெமென் கையில் ஒரு காகிதத்தோடு காத்திருந்தார். பொரோகா குடையை மடித்து உறைக்குள் செருகப் போனாள். உள்ளே நான்காவது நீல அட்டை. அவள் முகம் வெளுத்துவிட்டது.

"இன்னிக்குமா," என்றார் கெலெமென். "பேட்ஜைக் கொடும்மா."

"ஒரு அஞ்சு நிமிஷம் ஐயா," என்றாள் எதெல்கா. நகர்ந்து போகப் பார்த்த பெரியவரின் முன்னால் போய் நின்று சொந்த மொழியிலேயே சொன்னாள்: "நீங்களும் இருங்க பாச்சி. வீட்டுல யாரோ காத்திருக்காங்க போலிருக்கு, பத்து நிமிஷத்துக்குள்ள மூணு தடவை கடிகாரத்தப் பாத்துட்டீங்க. சீக்கிரம் முடிச்சிடறேன்."

'பாச்சி' என்பது அந்த ஊரில் வயதில் மூத்த ஆண்களைக் கூப்பிடும் முறை. பெரியவர் நின்றுவிட்டார்.

"இந்தத் தேதியப் பாருங்க," என்று அட்டையைக் கெலெமெனிடம் காட்டினாள் எதெல்கா. "ஆண்டு முதல்ல, நாள் கடைசியில. நம்ம பழக்கம் இது. பின்லாந்துக்காரங்க நாளத்தான் முதல்ல எழுதுவாங்க. நேத்து ஷிகா பாத்துட்டு சரியா இருக்குன்னான். நம்ம ஊர்க்காரன் எழுதினதாலதான் அவனுக்குச் சரியாப் பட்டுது. பின்லாந்துக்காரருக்கு அந்த டிராம் வளைவு எங்க வரும்னு எப்படித் தெரியும்? நம்ம ஊர்ல பொறந்தவங்களே அங்க விழறோம். வரதுக்கு முன்னாடியே கம்பியப் பிடிக்கறவன் அதே வண்டிய வருஷக்கணக்கா ஓட்டினவன். பழைய டிராம்ல மணி கால்மிதியிலதான். குறுக்க ஆள் வந்தா அந்தக் கால் இன்னமும் தானா மிதிக்குது."

"சரி, டிராம் ஓட்டினவரு. அதனால திருட மாட்டாரா?" என்றார் கெலெமென்.

"திருடறதா? கொடுக்கறாரு. ரெண்டு மணி நேர டூருக்கு மஞ்சள் அட்டை போதும். முதல் வாரம் அதத்தான் வாங்கினாரு. அடுத்த வாரம் நீலத்துக்கு ஏன் மாறணும்? வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு ஆரம்பிச்சா திங்கள் வரைக்கும் செல்லும். சனி, ஞாயிறு யாருக்கோ வேணும். கையெழுத்துப் போடாம விட்டிருக்காரு, வாங்கறவங்க அவங்க பேரப் போட்டுக்கட்டும்னு. அந்த முதல் வாரம் என்ன நடந்துது? அந்நிய நாட்டுக்காரருக்குப் புரியாதுன்னு நெனச்சு, அவர் பக்கத்துலயே நின்னு பொரோகா பையன்கிட்ட மிருகக்காட்சிசாலை பத்திப் பேசினா."

பொரோகா பெரியவரைப் பார்த்தாள். அவர் காதுமடல் சிவந்துவிட்டது.

"என் பேரு வெண்டெல்," என்றார். முதல் தடவையாக அவர் குரல் வெளியே வந்தது. "அந்தம்மா மேல தப்பில்ல ஐயா. கையில கொடுத்தா வாங்க மாட்டாங்க. யாரோ மறந்துட்டாங்கன்னு எடுத்துக்கட்டும்னு வச்சேன். அடுத்த வாரமும் பையன்கிட்ட அதே 'அடுத்த மாசம்'. சரி, பாக்கல போலிருக்குன்னு இன்னொண்ணு வச்சேன். வேலைக்கே உலை வைக்கறேன்னு தெரியாது."

"புடாபெஸ்ட்காரருக்கு டூரிஸ்ட் கூட்டத்துல என்ன வேலை?" என்று கேட்டே விட்டான் ஷிகா.

"முப்பத்தொரு வருஷம் அந்தக் கரையில வண்டி ஓட்டினேன் தம்பி. ஓட்டறவன் தண்டவாளத்த விட்டுக் கண்ண எடுக்கக் கூடாது. நான் எடுக்கல. ரிட்டயர் ஆனதும் டூரிஸ்ட் மாதிரி அட்டை வாங்கி ரெண்டு பேருமா ஊரச் சுத்திப் பாக்கணும்னு என் ரோஷிக்கு ஆசை. நான் ரிட்டயர் ஆனேன், அவ படுக்கையில விழுந்துட்டா. இப்போதான் வெள்ளிக்கிழமை காலையில மட்டும் நர்ஸ் வந்து பாத்துக்குது. படுத்த புதுசுல, 'நீயாவது போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு'ன்னிருந்தா. உள்ளூர்க்காரன்னு தெரிஞ்சா சிரிப்பாங்கன்னு பின்லாந்துன்னுட்டேன். அவங்க அதிகம் பேச மாட்டாங்கன்னு கேள்வி."

கெலெமென் கையிலிருந்த காகிதத்தை நாலாக மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்தார். கெட்ட மனிதர் இல்லை, விதிப்புத்தகத்தோடு குடும்பம் நடத்துகிறவர், அவ்வளவுதான். "பேட்ஜ் உங்ககிட்டயே இருக்கட்டும்மா," என்றார் பொரோகாவிடம். "ஆனா உபயோகிச்ச அட்டைய இன்னொருத்தருக்குக் கொடுக்கறது தப்பு, அது தப்புதான். வெண்டெல் பாச்சி, இனிமே வெள்ளிக்கிழமை நீங்க அட்டை இல்லாமலே வாங்க, நான் எழுதித் தரேன். பையனுக்கு ஏதாவது செய்யணும்னா ஒரு மிருகக்காட்சிசாலை டிக்கெட் எடுத்து நேரா கையில கொடுங்க. அதுக்கு விதி ஒண்ணும் இல்ல."

சொல்லிவிட்டு விறுவிறுவென்று நடந்துவிட்டார். பொரோகா பேட்ஜை உள்ளங்கையில் வைத்து அழுத்திக்கொண்டு நின்றாள். 

"ஆனா பாச்சி," என்றாள், "நான் இங்கிலீஷ்லதானே சொல்றேன். உங்களுக்குப் புரியுமா?"

"ஒரு எழுத்து புரியாது."

"அப்புறம் வீட்டுல போய் என்ன சொல்வீங்க?"

பெரியவர் திருடி மாட்டிக்கொண்டவர் போலத் தலையைக் குனிந்தார். "நீங்க கை காட்டற கட்டடத்த நல்லாப் பாத்துக்குவேன். மிச்சத்த டிராம்ல திரும்பிப் போறப்போ நானே கதையாக் கட்டிக்குவேன். நாடாளுமன்றத்த ஒரு பேக்கரிக்காரன் காதலிக்காகக் கட்டினான், அவ வேற ஒருத்தனோட போயிட்டா, மனசு வெறுத்து அரசியல்வாதிங்களுக்குக் கொடுத்துட்டான்னு போன வாரம் சொன்னேன்."

ஷிகா வாயைப் பொத்திக்கொண்டான். பொரோகாவுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "அவங்க நம்பறாங்களா?"

"அவ புடாபெஸ்ட்ல பொறந்தவம்மா. அவளா நம்புவா? 'அப்புறம்?'னு கேக்கறா." வெண்டெல் கடிகாரத்தைப் பார்த்தார், ஆனால் கிளம்பவில்லை. "ரெண்டு வருஷமா சுவரப் பாத்துப் படுத்திருந்தா. எது சொன்னாலும் பேச மாட்டா. இப்போ நான் செருப்பக் கழட்டறதுக்குள்ள, 'அப்புறம் என்ன ஆச்சு'ங்கறா."

எதெல்கா மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, அழுக்கே இல்லாத கண்ணாடியைத் துடைத்தாள். டிராம் வந்து நின்றது. வெண்டெல் ஏறப் போனார். பொரோகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு மிஷியக் கூட்டிட்டு உங்க வீட்டுக்கு வரட்டுமா பாச்சி? ரோஷி நேனியப் பாக்கணும் போல இருக்கு."

"வாங்கம்மா," என்றார் அவர், படியில் ஒரு காலை வைத்தபடி. "ஆனா ஒண்ணு. அந்த பேக்கரிக்காரனப் பத்தி அவ என்ன கேட்டாலும், ஆமான்னு சொல்லிடணும்."