மாத்திரை டப்பியில் மகரந்தம்

"அது காய்க்காதுங்க."

பழப்பெட்டியை இறக்கிவைத்த இளைஞன் சொன்னதும் ரம்ஸியா நிமிர்ந்தாள். ஓமானின் சோஹாரில் அவள் வாப்பா செய்கு அலாவுதீனின் மளிகைக் கடை. மொட்டை மாடியில் அவள் ஆறு தொட்டிகளில் வளர்க்கும் டிராகன் பழக் கள்ளி, மூன்று வருடமாகப் பூப்பதும் உதிர்வதுமாக இருந்தது. இந்த முறையும் காய்க்காவிட்டால் ஆறையும் வெட்டிவிடலாம் என்று வாப்பா அப்போதுதான் சொல்லியிருந்தார்.

"பாக்காமலே எப்படிச் சொல்றீங்க?"

"ஆறும் ஒரே செடியில ஒடிச்சு நட்டதா?"

ஆமாம்... பக்கத்து வீட்டு ஷஹீரா கொடுத்த ஒரே கிளையைத்தான் துண்டு போட்டிருந்தாள்.

"அப்ப ஆறும் ஒண்ணுதான். இந்த ரகத்துக்கு வேற ரகத்து மகரந்தம் வேணும்."

அவன் கண்கள் லேசாகச் சிரித்தன. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"கள்ளிக்கு நிக்காஹ் பண்ணி வைக்கச் சொல்றீங்களாக்கும்?"

வாப்பா சிரித்துவிட்டார். அவன் தலை குனிந்தபடி போனான். தொண்டிக்காரன், பெயர் கலீலுர் ரஹ்மான், கடைக்குப் பழம் அனுப்பும் பண்ணையில் கள்ளி வரிசைகள் அவன் பொறுப்பு என்று வாப்பா சொன்னபோது, அவளுக்கு மனசு குறுகுறுத்தது.

மொட்டுகள் விரிந்த அன்று, அதிகாலை ஃபஜ்ர் தொழுகை முடிந்து வந்த வாப்பா ஒரு மாத்திரை டப்பியை நீட்டினார். உள்ளே மஞ்சளாக மகரந்தத் தூள்... மொட்டு விட்டதை வாப்பாவிடம் கேட்டிருந்த கலீல், பண்ணைப் பூக்களில் சேகரித்து, பள்ளிவாசலில் கொடுத்துவிட்டு, டியூட்டிக்கு ஓடிவிட்டானாம். வெயில் ஏறுவதற்குள் தடவ வேண்டுமாம்.

கேலி செய்தவளுக்கும் உதவத் தோன்றுவது அல்லாஹ் தந்த மனசு. பிரஷை எடுத்து, ஒவ்வொரு பூவாகத் தடவினாள்.

பூக்கள் வாடின... பிஞ்சுகள் உதிரவில்லை. ஐந்து வாரத்தில் ஒன்பது பழம் சிவந்தது. வெட்டுகிற பேச்சை வாப்பா விட்டுவிட்டார்.

அவன் மட்டும் வரவில்லை. பெட்டிகளை வேறொருவர் கொண்டுவந்தார். அவர் லீவில் போன பிறகுதான், ஒரு மாலை கலீல் வந்து நின்றான். நறுக்கிய பழத்தை அவன் முன் வைத்தாள்.

"அன்னைக்குப் பேசினது தப்பு. அதுக்காகத்தான் வரலையா?"

"இல்லங்க..." தட்டைத் தொடாமலே நின்றான். "நான் பண்ணை கேம்ப்ல ஆறு பேரோட ஒரே ரூம்ல கிடக்கிறவன். உங்க வாப்பா என்னை நம்பி கடைக்குள்ள விடுறாஹ. உங்களைப் பாக்கத்தான் வர்றேன்னு எனக்கே தெரிஞ்ச பிறகு... எப்படி வர்றது?"

அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"வாப்பா அசர் தொழப் போயிருக்காஹ. நீங்களும் போங்க... திரும்பி வர்ற வழியில வாப்பாகிட்ட பொண்ணு கேளுங்க. வாப்பா என்னைக் கேட்டா, நான் சரின்னுதான் சொல்லுவேன்."