மூச்சு முட்டிய ஃபர்னஸ்

மானிட்டோபாவில் பனிப்புயல் ஓய்ந்த காலை. முதியோர் இல்லத்தில் இரவு முழுக்க வேலை பார்த்த அம்மா ஹாலினா, சித்தி வீட்டிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்து கதவைத் திறந்தாள். வீட்டுக்குள்ளும் வெளியே இருப்பது போலவே குளிர்.

நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் நின்றுபோயிருந்தது. அம்மா தூசி வடிகட்டியை மாற்றினாள். சுவிட்சை அணைத்துவிட்டுப் போட்டாள். ஃபர்னஸ் ‘உர்ர்’ என்றது, உடனே அடங்கிவிட்டது.

பழுது பார்க்கும் ஒரேஸ்டுக்கு போன் போட்டாள். “ஊரெல்லாம் இதே கதைதான்மா. சாயங்காலம் ஆயிடும்,” என்றார் அவர்.

“சரி,” என்று படிக்கட்டில் உட்கார்ந்தவள், கோட்டோடு அப்படியே தூங்கிப்போனாள்.

“அக்கா, என் மூக்கு இருக்கா பாரு,” என்றான் தம்பி டாராஸ்.

“இருக்கு, இருக்கு. கத்தாதடா, அம்மா பாவம்.” லெஸ்யா போர்வை கொண்டுவந்து அம்மாவுக்குப் போர்த்தினாள்.

புயல் இரைச்சலில் இரவு சரியாகத் தூங்காத அவளுக்கும் அசதிதான். இருந்தாலும் ஃபர்னஸையே பார்த்தாள். மூச்சிழுக்கப் பார்த்து முடியாமல் நிற்பதுபோல் இருந்தது. அதிலிருந்து இரண்டு வெள்ளைக் குழாய்கள் சுவரைத் துளைத்து வெளியே போயின.

“டாராஸ், இது எங்கடா போகுது?”

“வெளிய. ஆனா அங்க பனிதானே குவிஞ்சு கிடக்கு!”

லெஸ்யா வெளியே ஓடினாள். சுவரோரம் இடுப்பளவு பனி. மண்வெட்டி பட்டால் குழாய் உடைந்துவிடும் என்று கையாலேயே தோண்டினாள். கை மரத்தது. தோள் வலித்தது. கடைசியில் குழாய்களின் வாய் தெரிந்தது. இரண்டிலும் பனி அடைத்திருந்தது. அதை நோண்டி எடுத்தாள்.

உள்ளே வந்து சுவிட்சை அணைத்து, கொஞ்சம் பொறுத்துப் போட்டாள். உர்ர்... ‘பக்’கென்று நீலச் சுடர் எரிந்தது. இந்த முறை அணையவில்லை.

அவளே ஒரேஸ்டுக்கு போன் போட்டாள். “மாமா, நீங்க வர வேணாம். வெளிக்குழாயைப் பனி அடைச்சிருந்துச்சு, எடுத்துட்டேன். நல்லா எரியுது. வீட்டுக்குப் போய்த் தூங்குங்க.”

அந்தப் பக்கம் பெரிய கொட்டாவி. “அடி சமத்து! எங்க தூங்கறது? என் வீட்டு ஃபர்னஸும் காலைல இருந்து நின்னு கிடக்கு. போய் மொதல்ல அந்தக் குழாயைப் பாக்கறேன்.”

லெஸ்யா சிரித்தாள். ஈரக் கையுறையைக் கழற்றிவிட்டு, போர்வைக்குள் அம்மாவோடு ஒட்டிக்கொண்டாள். கதகதப்பு மெல்லப் படியேறி வந்தபோது, அவளும் தூங்கியிருந்தாள்.