தாட்ட கார்

என்ஜின் ஓடவில்லை. கார்த் திறப்பு நிரஞ்சனின் காற்சட்டைப் பைக்குள் கிடந்தது. ஆனாலும் அவன் புதிதாகப் பூட்டியிருந்த காற்றழுத்த மீற்றரின் முள், பூச்சியத்திலிருந்து மெல்ல இடப்பக்கம் சரிந்து, கொஞ்சம் தயங்கி, திரும்பவும் பூச்சியத்துக்கு வந்தது.

பிறகு மறுபடியும் சரிந்தது.

மத்தியானச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு அவன் அப்போதுதான் கராஜுக்குள் வந்திருந்தான். தகரக்கூரை வெயிலில் முறுகிக்கொண்டிருந்தது. வெளியே ஏ-ஒன்பது வீதியில் யாழ்ப்பாணத்துக்குப் போகிற பேருந்து ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு கடந்துபோனது. முள் இடப்பக்கம் போனால் என்ஜின் காற்றை உள்ளே இழுக்கிறது என்று அர்த்தம். நிற்கிற என்ஜின் எதை இழுக்கும்?

நகத்தால் கண்ணாடியைத் தட்டினான். முள் நின்றது. அவன் கையை எடுத்ததும், அதுவரை பொறுத்திருந்தது போல, மறுபடி சரிந்தது. பொனற்றைத் தூக்கி, மீற்றருக்குப் போகிற இறப்பர்க் குழாயைக் கழற்றி, என்ஜின் பக்கத்து ஓட்டையில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தான். முதலில் ஒன்றுமில்லை. பிறகு கன்றுக்குட்டி விரலைச் சப்புவது போல, ஈரமாக, இதமாக, அது விரலை உள்ளே இழுத்தது. பிறகு விட்டது. விட்டபோது விரல் நுனியில் இளஞ்சூடான காற்று பட்டது.

வெக்கையாக்கும், என்று வாய்விட்டுச் சொன்னான். பக்கத்தில் யாரும் இல்லை. குழாயைத் திரும்பப் பூட்டினான்.

அது முத்துலிங்கத்தின் கார். ஒரு காலத்தில் மாங்குளத்தில் அரிசி ஆலை வைத்திருந்தவர், கொழும்பில் ஏதோ ஒரு தூதரகம் விற்றபோது வாங்கிக்கொண்டு வந்த முஸ்டாங். எட்டுச் சிலிண்டர், அறுபத்தெட்டாம் ஆண்டு, இரத்தச் சிவப்பு. போர்க்காலத்தில் இடம்பெயர்ந்து விசுவமடுப் பக்கம் போனபோது, ஆமி கையில் போகக்கூடாதென்று அங்கே ஒரு காணிக்குள் கிடங்கு வெட்டித் தாட்டுவிட்டார். வன்னியில் அப்போது பலர் மோட்டார் சைக்கிளைத் தாட்டார்கள், நகையைத் தாட்டார்கள். முத்துலிங்கம் காரைத் தாட்டார். அதன் பிறகு அவரையோ மனைவியையோ, மகளையோ மகளின் பிள்ளைகளையோ கண்டதாக ஒருவரும் சொல்லவில்லை.

கனடாவில் இருந்த மகன் ஜெயந்தன், பதினைந்து வருசத்துக்கு மேலாகத் தேடிக் களைத்துப்போய், கடைசியில் காரையாவது எடுப்போம் என்று பெக்கோ இயந்திரம் பிடித்துக் கிண்டுவித்தான். எடுத்ததை நிரஞ்சனின் கராஜுக்கு ஏற்றி அனுப்பிவிட்டு ரொறன்ரோவுக்குத் திரும்பினான். "அப்பா ஓடினதைவிட வேகமா இது ஓடோணும் நிரஞ்சன். என்ன சாமான் வேணுமெண்டாலும் நான் அனுப்பிறன்," என்று தொலைபேசியில் சொன்னான்.

பிஸ்டன் வந்தது. கார்புரேற்றர் வந்தது. கடைசியாகக் கனமான மரப்பெட்டிக்குள் சுப்பர்சார்ஜர் வந்தது. என்ஜினின் தலையில் குந்தியிருந்து, பெல்டின் வலுவில் சுழன்று, வெளிக்காற்றை அள்ளி அழுத்தி உள்ளே தள்ளுகிற அலுமினியப் பெட்டி அது. அதற்காக நிரஞ்சன் பொனற்றை வெட்டினான். சேஸியைப் பலப்படுத்தினான். பின்பக்கத்துக்குப் புது வில்லுத்தகடுகள் போட்டான். நாற்பத்தொரு வயது வரைக்கும் லொறியும் உழவு இயந்திரமும் திருத்திய கைக்கு இப்படியொரு வேலை ஒருமுறைதான் வரும் என்று அவனுக்குத் தெரியும். முதல்முறை ஸ்டார்ட் பண்ணியபோது சந்திக் கடைக்காரர்கள் எல்லாம் ஓடிவந்து நின்று கைதட்டினார்கள். எட்டுச் சிலிண்டரின் உறுமலுக்கு மேலே சுப்பர்சார்ஜரின் ஊளை எழுந்தபோது அவனுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

அன்றைக்குப் பொழுதுபட அவன் மனைவி பிரேமிளாவுக்கு மூச்சு முட்டு இழுக்கத் தொடங்கியது. சின்ன வயதில் இருந்த, பிறகு விட்டுப்போன வருத்தம்.

"இண்டைக்கும் அதை ஸ்டார்ட் பண்ணப் போறியளோ?" மீற்றர் முள் தானாகச் சரிந்த அந்தப் பின்னேரம் அவள் குசினி வாசலில் நின்று கேட்டாள். குசினிக்கும் கராஜுக்கும் இடையில் ஒரு முற்றம்தான்.

"கொஞ்ச நேரந்தான். ஏன்?"

"நீங்கள் அதை முறுக்கேக்க என்ர நெஞ்சுக்குள்ள கிடக்கிற காத்து அங்கால போற மாதிரிக் கிடக்கு. திருப்பி எடுக்க ஏலாமக் கிடக்கு."

"புகை ஒத்துக்கொள்ளேல்லை. கதவைச் சாத்திப்போட்டு இரு."

"புகையெண்டா எனக்குத் தெரியாதே? புகை மூக்கால வரும். இது இழுக்குது, இஞ்சருங்கோ."

அவன் சிரித்துச் சமாளித்துவிட்டுக் காருக்குள் ஏறினான். ஸ்டார்ட் பண்ணி, அக்சிலரேற்றரை மிதித்து என்ஜினை ஏற்றினான். ஊளை எழுந்தது. ஒரு இலை ஆடாத பின்னேரம். முற்றத்து முருங்கை சித்திரம் போல நின்றது. ஆனால் குசினி யன்னலின் சீலை மட்டும் வெளியே வந்தது. யாரோ நுனியைப் பிடித்து இழுப்பது போல, நேராக, விறைப்பாக, கராஜைப் பார்த்து நீண்டு நின்றது. காலை எடுத்தான். சீலை விழுந்தது. மிதித்தான். நீண்டது.

வீட்டுக்குள் ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

திறப்பை முறுக்கிப் பிடுங்கிக்கொண்டு ஓடினான். பிரேமிளா நிலத்தில் இருந்து கொண்டு, கழுத்து நரம்புகள் புடைக்க, வாயைத் திறந்து திறந்து மூடினாள். சத்தமே வரவில்லை. இன்ஹேலரை வாயில் வைத்து அமத்தி முதுகைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் மூச்சு ஒரு கீச்சுச் சத்தத்தோடு திரும்பி வந்தது.

அவளைக் கட்டிலில் சாய்த்துவிட்டுக் கராஜுக்குப் போய், சுப்பர்சார்ஜரின் பெல்டைக் கழற்றிச் சுவரில் கொழுவினான். பெல்ட் இல்லாவிட்டால் அது சுழலாது. சுழலாவிட்டால் இழுக்காது. இரும்புக்கு அதற்கு மேல் புத்தி கிடையாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மீற்றரை மட்டும் பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையில் காரின் கண்ணாடிகள் எல்லாம் வேர்த்திருந்தன. மழைக்குள் சனம் நெருக்கியடித்துக்கொண்டு போகிற வவுனியா பேருந்தின் கண்ணாடி போல, உள்பக்கமாக வேர்த்து, வெள்ளையாகிக் கோடு கோடாக வழிந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்தான். உள்ளேயிருந்து வெதுவெதுப்பான காற்று வந்து முகத்தில் மோதியது. அதில் புது இருக்கைத் தோலின் வாசம் இல்லை, பெற்றோல் வாசம் இல்லை. ஈரமண்ணும் பச்சைப் பனங்குற்றியும், மண்நிரப்பித் தைத்த சேலைமூட்டைகளின் புளித்த வாடையும், கைவிளக்குப் புகையும், பல நாள் குளிக்காத உடம்புகளும், அதற்குள்ளே எங்கேயோ குழந்தைப்பிள்ளைப் பால்மணமும்.

அவனுக்கு அந்த வாசம் தெரியும். இருபத்து நாலு வயதில், போரின் கடைசி மாதங்களில், ஒவ்வொரு இடமாக வெட்டி வெட்டி இறங்கிய பங்கர்களின் வாசம். அது அவன் தலைமயிரில் இருந்து போக ஒரு வருசம் எடுத்தது. கதவை அடித்துச் சாத்திவிட்டு முற்றத்துக்கு வந்து, சாப்பிட்ட இடியப்பத்தை முழுவதும் சத்தி எடுத்தான்.

அன்றைக்குத்தான் ஜெயந்தன் வந்தான். கட்டுநாயக்க விமான நிலையத்தில் இறங்கி, வான் ஒன்றைப் பிடித்து நேரே வந்திருந்தான். வழியெல்லாம் மழை. மாங்குளத்துக்குள் நுழைகையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. கரண்டும் போயிருந்தது. வான்காரன் தேத்தண்ணி குடிக்கச் சந்திக்குப் போய்விட்டான். கராஜுக்குள் வந்து காரைக் கண்டதும் ஜெயந்தன் கிட்டப் போனான். பெரிய உடம்பு, நரைத்த தாடி. பொனற்றைத் தொட்டு, மாட்டைத் தடவுவது போலத் தடவினான்.

"அண்ணை, இதைக் கொஞ்ச நாள் ஓட்டாம வைப்பம்," என்றான் நிரஞ்சன்.

"ஏன், என்ன பிழை?"

நிரஞ்சன் காரின் உள்பக்கத்தைக் காட்டினான். "நீங்கள் கிண்டி எடுக்கேக்க இதுக்குள்ள என்ன இருந்தது அண்ணை?"

ஜெயந்தன் திரும்பிப் பார்த்தான். மழை தகரத்தில் விழுகிற சத்தத்துக்கு மேலே கேட்கும்படி கொஞ்சம் உரத்துச் சொன்னான். "ஒண்டுமில்லை. அதுதான் எனக்கும் விளங்கேல்லை. கண்ணாடி எல்லாம் ஏத்திக்கிடந்தது. நாலு பக்கமும் மண். கதவு ரெண்டும் உள்ளுக்கால பூட்டிக்கிடந்தது. பெக்கோக்காரன் கம்பி விட்டுத்தான் திறந்தவன். உள்ளுக்கு ஒரு சாமானும் இல்லை, ஒருத்தரும் இல்லை."

"உள்ளுக்கால பூட்டினது ஆர்?"

ஜெயந்தன் காரின் கூரையில் கையை வைத்தான். பிறகு, "அப்பா கடைசியா எடுத்த ரெலிபோன் கோல் இருக்கெல்லே," என்றான். "இரைச்சலுக்குள்ள சரியாக் கேக்கேல்லை. காரைத் தாட்டாச்சு எண்டார். ஷெல் கூடிப்போச்சு எண்டார். பயப்பிடாத, நாங்கள் எல்லாரும் உள்ளுக்குத்தான் இருக்கிறம் எண்டார். நான் பங்கருக்குள்ள எண்டு நினைச்சன்."

அதைச் சொல்லிவிட்டு அவன் கதவைத் திறந்து ஏறினான்.

"அண்ணை, ஏறாதேங்கோ!"

கதவு சாத்திக்கொண்டது. மென்மையாக, நல்ல காரின் கதவு சாத்திக்கொள்வது போல.

நிரஞ்சன் தொலைபேசி வெளிச்சத்தைப் பிடித்தான். ஜெயந்தன் ஸ்ரியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு முன்னால் பார்த்திருந்தான். மழைச் சத்தத்துக்கு அடியில் வேறொரு சத்தம் இருந்தது. சீறல். வெட்டிய பொனற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த சுப்பர்சார்ஜரின் வாயிலிருந்து. பெல்ட் சுவரில்தான் தொங்கியது. ஆனாலும் அது இழுத்தது. நீளமாக இழுத்தது. நிறுத்தியது. விட்டது. ஒரு சத்தமல்ல. கொஞ்சம் முந்தியும் பிந்தியும், தடித்ததும் மெலிந்ததுமாகப் பல சத்தங்கள்.

கார் பின்பக்கம் இறங்கியது.

கொஞ்சந்தான். ஒரு ஆள் ஏறினால் இறங்குகிற அளவு. அவன் போட்ட புது வில்லுத்தகடு கிறீச்சிட்டது.

மறுபடி இறங்கியது. இந்தப் பக்கம். பிறகு அந்தப் பக்கம்.

உள்ளே ஜெயந்தன் அசைந்தான். பேருந்தில் பக்கத்தில் ஒருவர் வந்து இருந்தால் மரியாதைக்கு ஒதுங்குவோமே, அப்படி ஒதுங்கினான். முகத்தில் பயம் இல்லை. இன்னும் ஒதுங்கினான். முழங்காலை நெஞ்சோடு மடக்கிக் கட்டிக்கொண்டான். போர்க்காலத்தில் ஒரு நாள்கூட இங்கே இருந்திராத அந்தப் பெரிய மனிதன், பங்கருக்குள் எப்படி இருப்பதென்று சரியாகத் தெரிந்தவன் போல இருந்தான். தோள் கதவில் இடித்தது. தலை சரிந்தது. கன்னம் கண்ணாடியில் பட்டு, அமிழ்ந்து, தட்டையாகி வெளுத்தது. வாய் கோணியது. ஒரு கண் கண்ணாடிக்குள் அப்பியபடி நிரஞ்சனைப் பார்த்தது.

நிரஞ்சன் கைப்பிடியை இழுத்தான். பூட்டு. பெரிய சுத்தியலைத் தூக்கிக் கண்ணாடியில் ஓங்கி அடித்தான். உடையவில்லை. மண்மூட்டையில் அடித்தது போல ஊமைச் சத்தம். மறுபடி அடித்தான். மறுபடி.

உள்ளே ஜெயந்தனின் உதடுகள் அசைந்தன. சத்தம் இல்லை. ஆனால் விளங்கியது.

நெருங்கி இருங்கோ. இன்னும் ஆக்கள் வருகினம்.

சுத்தியல் கையில் இருந்து நழுவியது. பின்னேரம் முழுக்க வீட்டுப் பக்கமிருந்து கேட்டுக்கொண்டிருந்த பிரேமிளாவின் இருமல் நின்றுபோனது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"பிரேமிளா!"

"சத்தம் போடாதேங்கோ."

அவள் பக்கத்தில் நின்றாள். மழையில் நனைந்து, வெறுங்காலோடு. முட்டு இல்லை. மூச்சு சீராக, ஆழமாக, நித்திரை கொள்கிறவளின் மூச்சு போலப் போய்வந்தது. அது போகிற நேரமும் வருகிற நேரமும் அந்தச் சீறலோடு ஒத்திருந்தது.

"பிள்ளையள் இப்பதான் கண்ணயர்ந்ததுகள்," என்றாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

காரின் மறுபக்கக் கதவு திறந்திருந்தது. எப்போது திறந்தது? உள்ளே வெளிச்சம் பிடித்தான். வெளிச்சம் போகவில்லை. வாசலிலேயே நின்றது. அதற்குப் பின்னால் நிறைந்திருந்தது இருட்டல்ல. இடைவெளியே இல்லாமல் எதுவோ. அவள் காரைச் சுற்றிப் போனாள். அவன் ஓடினான். அவள் பாவாடையை ஒதுக்கிக் குனிந்து, ஒரு காலை உள்ளே வைத்தாள்.

கையைப் பிடித்துவிட்டான். இரண்டு கையாலும். சீமெந்துத் தரையில் காலை ஊன்றி, முழுப்பலத்தோடு இழுத்தான். அவள் திரும்பிப் பார்த்தாள். ஏன் பிந்துகிறீர்கள் என்று கேட்கிற முகம்.

உள்ளேயிருந்து ஒரு கை வந்து அவன் மணிக்கட்டைப் பற்றியது. பிறகு ஒன்று முழங்கைக்குக் கீழே. ஒன்று கக்கத்தில். ஒன்று தோளில். எதுவும் நகத்தைப் பதிக்கவில்லை. எதுவும் முறுக்கவில்லை. சனம் நிறைந்த உழவு இயந்திரப் பெட்டிக்குள், கடைசியாக ஓடிவருகிறவனைத் தூக்கி ஏற்றுகிற கைகள் அப்படித்தான் பிடிக்கும், அந்தர அவசரத்தோடும் அன்போடும்.

எல்லாக் கைகளும் சூடாக இருந்தன. ஒரு கை மிகவும் சின்னது. அதற்கு அவன் தோள் எட்டவில்லை. அவன் சட்டையின் நுனியை மட்டும் எட்டிப் பிடித்து இழுத்தது.

கார் இன்னும் கொஞ்சம் இறங்கியது.