மங்க மறுத்த தரை

கணினியிடம் மங்கலாக்கச் சொன்ன இடமெல்லாம் மங்கியது. கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே, தரையை ஒட்டிய ஒரு துண்டு மட்டும் மங்கவில்லை. மடிக்கணினித் திரையில் நதியாவின் முகம் தெளிவாக இருந்தது. அவளுக்குப் பின்னால் கொடியில் தொங்கிய துணிகளும், காரை உதிர்ந்த சுவரும், மூலையிலிருந்த கேஸ் அடுப்பும் நீரில் கரைந்த சாயம்போல உருவழிந்து கிடந்தன. அந்த உருவழிவுக்கு நடுவே கொஞ்சம் சுவர் மட்டும், பூச்சின் மயிரிழை விரிசல்கூடத் தெரியும் துல்லியத்தோடு நின்றது.

மடிக்கணினியின் கேமரா பழுதாகி வெகுநாள் ஆகியிருந்தது. ஆகவே கைப்பேசியை ஓர் எவர்சில்வர் டப்பாவில் சாய்த்து வைத்து, வைஃபை வழியாக அதையே கணினியின் கேமராவாக மாற்றும் செயலியை நிறுவியிருந்தாள். விளக்கு வைக்கும் நேரத்துக்கு நேர்காணல். வெளிமாநிலப் பல்கலைக்கழகம் ஒன்றின் தமிழ்த் துறையில் நிரந்தரப் பணி. அது கிடைத்தால், தற்காலிகப் பணியின் நீட்டிப்புக்காக ஆண்டுதோறும் கல்லூரித் தாளாளரின் அறைவாசலில் நிற்க வேண்டியதில்லை; பட்டு நெய்பவர்களின் தெருவில் பின்வாசல் வழியாக வந்துபோகும் இந்த அறையும் வேண்டியதில்லை. இதற்கு முன் நேரில் சென்ற நேர்காணல்களில் அவளுடைய ஆய்வைப் பற்றிக் கேட்பதற்கு முன்பே, “ஐயம்பேட்டையா? ஐயம்பேட்டையில எந்தப் பக்கம்?” என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுவார். பதிலுக்குப் பிறகு அறையின் வெப்பநிலை மாறிவிடும். திரைவழி நேர்காணலில் சுவரையாவது மறைத்துவிடலாம் என்று அவள் எண்ணியிருந்தாள்.

ஒத்திகைக்காக வாலாஜாபாத்தில் கைப்பேசிக் கடை வைத்திருக்கும் தம்பி டேனியலை அழைத்தாள்.

“தெரியுதாடா?”

“தெரியுதுக்கா. ஆனா குரல் முன்னாடி வருது, வாய் பின்னாடி வருது. டப்பிங் படம் பாக்குற மாதிரி இருக்குது.”

“சிரிக்காத. என்ன பண்ணணும், சொல்லு.”

“ரெண்டும் ஒரே வைஃபைலதான இருக்குது? போன்ல பேட்டரி சேவர் போட்டு வெச்சிருப்ப, அத எடு. படத்தோட குவாலிட்டிய ஒரு படி கொற.”

அவள் அப்படியே செய்தாள். உதடுகளும் குரலும் ஒன்றுசேர்ந்தன. டேனியல் திரையருகே குனிந்து பார்த்தான்.

“பின்னாடி யாருக்கா, கீழ உக்காந்துக்கினு?”

நதியா திரும்பிப் பார்த்தாள். வெள்ளை டைல்ஸ். சுவர்.

“யாரும் இல்லையே.”

“ஆள் தெரியலக்கா. ஆள் கணக்கா வெட்டி எடுத்தமாதிரி தெரியுது. தலை, தோள்பட்டை, அப்புறம் தரை. பாதி ஆளு.”

“வேலை நேரத்துல விளையாடாத, டேனியல்.”

“நான் எங்க விளையாடறேன்? இந்த மெஷினு மனுசன் எங்க இருக்கான்னு தேடி, மத்ததெல்லாம் மங்கலாக்கும். அங்க ஒருத்தர் இருக்காருன்னு அது நெனச்சுக்கினு இருக்குது, அவ்ளோதான். லென்ஸத் தொடச்சுப் பாரு. சரி, கடைக்கு ஆள் வந்துட்டாங்க. நல்லா பேசு. ப்ரொஃபஸர் ஆயிட்டா போன எடுக்காம விட்டுடாத.”

லென்ஸைத் துப்பட்டாவின் நுனியால் துடைத்தாள். செயலியை மூடித் திறந்தாள். குழல்விளக்கை அணைத்து மேசை விளக்கை ஏற்றினாள். அந்தத் துண்டு அசையவில்லை. பின்னர், ஆய்வு செய்து பழகிய மனத்தின் பிடிவாதத்தோடு, டப்பாவை மேசையின் மறுமுனைக்கு நகர்த்தினாள். கறை லென்ஸில் இருந்தால் லென்ஸோடு சேர்ந்து நகர்ந்திருக்க வேண்டும். அது நகரவில்லை. அறைக்குள் அதே இடத்தில், கட்டிலுக்கும் சுவருக்கும் இடையே, தன் அளவிலேயே நின்றது. எழுந்துபோய் அந்த இடத்தைக் குதிகாலால் தட்டினாள். மற்ற இடங்களில் கல்போல ஒலித்த தரை அங்கே மட்டும் குடம்போல ஒலித்தது. காலடியிலிருந்து, புளித்த கஞ்சியின் வாசனை மெல்ல ஏறி வந்தது.

வைஃபை பெட்டி முன்கூடத்தில் இருந்தது. அதை ஒருமுறை அணைத்துப் போடும் சாக்கில் வீட்டுக்காரம்மா வடிவாம்பாளிடம் சென்றாள்.

“நெட்டு நல்லாத்தானம்மா இருக்குது? என் சீரியல் நிக்காம ஓடுதே.”

“ஒரு நிமிசம் அணைச்சுட்டுப் போட்டுடறேம்மா. அப்புறம்... என் ரூம்ல கட்டில் பக்கத்துல தரையத் தட்டினா ஏன் குடம் மாதிரி கேக்குது?”

வடிவாம்பாள் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“அங்கதான் தறி இருந்துது. குழித்தறி. குழிக்குள்ள காலத் தொங்கப் போட்டுக்கினு, இடுப்புக்கு மேல மட்டும் வெளிய தெரிய உக்காந்து நெய்வா, எம் மருமவ பெரியநாயகி. எழுந்தா வேல கெட்டுடும்னு எம் மவன் எழுந்திருக்க விடமாட்டான். ஒருநா காணோம். எவனோடயோ போயிட்டாள்னு சொன்னான். அந்த வாரமே தறியப் பிரிச்சு டைல்ஸ் போட்டுட்டான்.”

“தேடலையா?”

“போனவள எதுக்கும்மா தேடறது?”

“குழிய மண்ணு போட்டு மூடினீங்களா?”

“தறிய எடுத்தா மண்ணடிச்சு, தண்ணி ஊத்தி, இடிச்சுத்தான் மூடணும். இந்தத் தெருவுல எல்லாரும் அப்படித்தான் செய்வாங்க. அவன் பலகையப் போட்டு மேல சிமெண்ட்டு பூசிட்டான். வாடகைக்கு விடற அவசரம்.” அவள் தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டினாள். “உன்ன மாதிரி யாராவது கேட்டு வருவாங்க இல்ல?”

அறைக்குத் திரும்பியதும் நதியா முதலில் செய்த காரியம், மங்கலாக்கும் வசதியை அணைத்ததுதான். பார்க்கட்டும். காரை உதிர்ந்த சுவரைப் பார்க்கட்டும், கொடியைப் பார்க்கட்டும், அடுப்பையும் பார்க்கட்டும். திரையில் அறை முழுவதும் தெரிந்தது. கட்டிலருகே வெறும் தரை. அவள் மூச்சு சீரானது. ஆனால் பல்கலைக்கழகத்தின் இணைப்பைத் திறந்தவுடன் ஓர் அறிவிப்பு வந்தது: விண்ணப்பதாரர்கள் அனைவரும் சமமாக நடத்தப்படும்பொருட்டு, எல்லோருடைய பின்புலமும் தானாகவே மங்கலாக்கப்படும். அதை மாற்றும் பொத்தான் எங்கும் இல்லை. நகைக்கக்கூட அவளுக்கு நேரமில்லை. சுவர் கரைந்தது, கொடி கரைந்தது, அடுப்பு கரைந்தது. அந்தத் துண்டு கரையவில்லை.

குழுத்தலைவர் பேராசிரியர் கமலாட்சி கனிவான முகம் உடையவர். அருகே கலைவாணன் என்ற இளைய பேராசிரியர். முதல் கேள்வி அவளுடைய ஆய்வேட்டைப் பற்றியது. நதியா பேசத் தொடங்கினாள். பலநாள் மனத்துக்குள் செதுக்கிய வாக்கியங்கள் தடையின்றி வந்தன. பாதியில் கமலாட்சி கையை உயர்த்தினார்.

“மன்னிக்கணும். கூட இருக்கிறவங்க கொஞ்சம் வெளியே இருக்கலாமே?”

“இங்க யாரும் இல்லீங்க, மேடம்.”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை நதியா அறிவாள். பொய் சொல்கிறாள் என்று நாகரிகமாக முடிவு செய்துகொள்ளும் பார்வை.

“சரி, தொடருங்க.”

அவள் தொடர்ந்தாள். ஆனால் கமலாட்சியின் கண்கள் அவள் முகத்தில் இல்லை. சற்றுக் கீழே, சற்றுப் பக்கவாட்டில் இருந்தன. நதியா திரையின் மூலையில் தெரிந்த தன் சிறுபடத்தைப் பார்த்தாள். அவளுடைய காது மங்கியிருந்தது. பின்னிய கூந்தல் சுவரோடு கலந்திருந்தது. தோளின் விளிம்பை எதுவோ நக்கி நக்கிக் கரைப்பதுபோல மங்கல் உள்நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால், டைல்ஸுக்கு அடியில், மரக்கட்டையைக் காலால் மிதிக்கும் மந்தமான ஓசை. ஒரு மிதி. ஓர் இடைவெளி. மறுபடி மிதி. அவள் திரும்பவில்லை. திரும்பினால் பேச்சு நின்றுவிடும். பேச்சு நின்றால் வேலை போய்விடும். குரலை மட்டும் உயர்த்தினாள்.

“உங்க குரல் சரியா வரலையே,” என்றார் கலைவாணன். பிறகு முகம் மலர்ந்தது. “ஆ, இப்ப வருது. இப்ப நல்லாத் தெரியறீங்க.”

அவள் வாய் மூடியிருந்தது.

கமலாட்சி தலையசைத்தார். யாருடைய பேச்சையோ கேட்டுத் தலையசைத்தார். சிரித்தார்.

“அருமை, நதியா. இதை இவ்வளவு தெளிவா யாரும் சொன்னதில்லை.”

“மேடம், நான் இன்னும் பேசல. மேடம், இங்க பாருங்க. நான்தான் நதியா!”

யாரும் பார்க்கவில்லை. சிறுபடத்தில் அவளுடைய முகம் இருந்த இடத்தில் சுவரின் நிறத்தில் ஒரு தேய்ப்பு. அதற்குக் கீழே, பக்கவாட்டில், அந்தத் துண்டுக்குள் இப்போது சுவர் இல்லை. ஒரு பெண். தரையிலிருந்து இடுப்புக்கு மேல் மட்டும். தலைமயிரில் சிமெண்ட் காய்ந்திருந்தது. உதடுகள் அசைந்தன. கைகள் தறியின் நாடாவை இடமும் வலமும் எறிவதுபோல நிற்காமல் அசைந்தன.

நதியா கைப்பேசியைப் பறித்தாள். லென்ஸை உள்ளங்கையால் மூடினாள். செயலியை நிறுத்தினாள். கைப்பேசியையே அணைத்தாள். அது கையில் கறுத்துக் குளிர்ந்தது.

திரையில் படம் நிற்கவில்லை. அதே கோணம். அதே அறை.

நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பின்வாங்கினாள். ஓர் அடி. இன்னோர் அடி. கட்டிலின் கால் இடித்தது. அப்போதுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. பாதங்களில் ஈரக்குளிர். பிறகு கணுக்காலில். பிறகு முழங்காலில். அலறினாள். முன்கூடத்தில் சீரியலின் ஒலி இன்னும் கொஞ்சம் உயர்ந்தது.

“உங்களை மாதிரி ஒருத்தரைத்தான் தேடிக்கிட்டிருந்தோம்,” என்றார் கமலாட்சி. “நல்வாழ்த்துகள், நதியா.”

திரையிலிருந்த பெண் கைகூப்பினாள். கைகளைத் தரையில் ஊன்றினாள். அழுத்தினாள். இடுப்பு வெளியே வந்தது. தொடை. முழங்கால். வெகுகாலம் நீரில் ஊறியவைபோல வெளுத்த இரண்டு பாதங்கள். எழுந்து, தள்ளாடி நடந்து, நாற்காலியை நிமிர்த்தி, மேசை முன் அமர்ந்தாள்.

நதியா குனிந்து பார்த்தாள். இடுப்பைச் சுற்றி வெள்ளை டைல்ஸ், ஓர் இடுக்குமின்றி, இறுக ஒட்டியிருந்தது.