பரோட்டா கேட்காத தாத்தா

பள்ளி விடுமுறை. தேயிலைத் தோட்டத்துக் கேன்டீனில் விக்னேஸ்வரியின் அம்மா இராசம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார்.

“ஒரு இடத்துல உக்காருடி! கால்ல சக்கரமா கட்டியிருக்கு?”

விக்னேஸ்வரியால் எப்படி உட்கார முடியும்? எதிரே ஒரு வெள்ளைக்காரத் தாத்தா, வாசலுக்கும் மேசைக்கும் நடையாய் நடந்துகொண்டிருந்தார். சன்னல் வழியாகத் தேயிலைச் சரிவை எட்டிப் பார்ப்பார். பெருமூச்சு விடுவார். மறுபடி நடப்பார். அவர் மேசையில் பரோட்டா அடுக்கு ஆறிப்போய்க் கிடந்தது.

“யாரு அங்கிள் இவரு?” என்று வேன் டிரைவர் நாகப்பனிடம் கேட்டாள்.

“ஹரோல்ட் தொரை. லண்டன்லருந்து வந்திருக்காரு. இவங்கம்மா எவலின் தொரைசானிதான் அந்தக் காலத்துல இந்தத் தோட்டத்த நடத்துனாங்களாம்.”

எவலின் துரைசானியின் கணவர் காய்ச்சலில் இறந்துபோனார். எல்லாரும் ஊருக்குத் திரும்பச் சொன்னார்கள். அவரோ கணவருடைய பெரிய சப்பாத்தை மாட்டிக்கொண்டு மலை மலையாக ஏறி வேலை பார்த்தார். பிறகு மூத்த மகள் ரூத்தும் காய்ச்சலில் போய்விட்டாள். அதற்குப் பிறகுதான் சின்னப் பையன் ஹரோல்டைக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினார்.

“அந்த ரூத்தோட கல்லறையத்தான் தேடுறோம். தொரைமார் கல்லறைத் தோட்டத்துல இல்ல. பரோட்டா பக்கத்துல பொதைச்சாங்கன்னு சொல்றாரு” என்றார் நாகப்பன்.

“பரோட்டா பக்கத்துலயா?”

“ஆமா லா! கம்போங் ராஜாலருந்து கியா பார்ம் வரைக்கும் பரோட்டா கடையா ஏறி இறங்கிட்டோம். நான் ஈப்போக்காரன், எனக்கு இங்க என்ன தெரியும்? மழை வேற வருது. மண்ணு சரிஞ்சா பாதைய மூடிருவாங்க. நாளைக்கு அவருக்கு பிளைட்.”

தாத்தா மறுபடி சன்னலுக்குப் போனார். “பொரட்டோ... பொரட்டோ...” என்று முணுமுணுத்தார்.

“இன்னொரு பரோட்டாவா? இதோ வருது!” என்று உள்ளிருந்து அம்மா குரல் கொடுத்தார்.

விக்னேஸ்வரிக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் தாத்தாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர் அருகே போய்ப் பள்ளிக்கூட ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள்.

“தாத்தா, பொரட்டோவில் ஆட்கள் என்ன செய்வார்கள்?”

இதை யாருமே அவரிடம் கேட்டிருக்கவில்லை. தாத்தா நிமிர்ந்து நின்றார். கைகளால் காற்றில் தப்பு மேளம் அடித்தார். பிறகு விரலை நீட்டி, வரிசையாக ஆள் நிற்பதுபோல் கூப்பிட்டார்.

“சின்னக்கருப்பன்! மாடசாமி! நாகப்பன்!”

“ஐயா!” என்று டிரைவர் துள்ளி எழுந்தார்.

விக்னேஸ்வரிக்குப் புரிந்துவிட்டது. “அம்மா! பரோட்டா இல்லம்மா, பெரட்டு! காலையில வேலையாளுங்கள வரிசையா நிக்கவச்சுப் பேர் கூப்பிடுவாங்களே, அந்தப் பெரட்டு!”

இராசம்மா மாவுக் கையோடு வெளியே வந்தார். “அட ஆமா! ஆனா அது ஆபீஸ் முன்னாடிதானே நடக்குது?”

விக்னேஸ்வரி அதை ஆங்கிலத்தில் சொன்னதும் தாத்தா தலையசைத்து மறுத்தார். மேலே கையைக் காட்டினார். “மேடு. நிறையக் காற்று.”

“நாங்க பந்து விளையாடுற களம்!” என்றாள் விக்னேஸ்வரி. “பழைய பெரட்டுக்களம் அதுதான்னு நீங்கதானேம்மா சொன்னீங்க? நாகப்பன் அங்கிள், லோரி பாதையில போனா பக்கம்தான். போலாமா?”

நாகப்பன் வானத்தைப் பார்த்தார். தாத்தாவைப் பார்த்தார். சாவியை எடுத்தார்.

களத்தில் தூறல் போட்டது. அவளுடைய நண்பன் புனிதனும் மற்றப் பிள்ளைகளும் சேற்றில் பந்தை விரட்டிக்கொண்டிருந்தார்கள். தாத்தா ஓரமாகவே சுற்றி வந்தார். புதரை விலக்கினார். சிலுவையும் இல்லை, கல்லறையும் இல்லை. விக்னேஸ்வரி களத்தை இன்னொரு முறை சுற்றிப் பார்த்தாள். தப்பான இடத்துக்குக் கூட்டி வந்துவிட்டோமோ?

அப்போது புனிதன் உதைத்த பந்து ‘டம்’ என்று கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது.

அவர்களின் கோலுக்கு ஒரு பக்கக் கம்பம் மைலோ டின். மறுபக்கம், பந்து பட்ட இடத்தில், பாசி மூடிய ஒரு குட்டைக் கல்.

விக்னேஸ்வரி ஓடினாள். முழங்காலிட்டு நகத்தால் பாசியைச் சுரண்டினாள். ஓர் எழுத்து தெரிந்தது. இன்னோர் எழுத்து. தாத்தா கைக்குட்டையால் துடைத்தார். ‘ரூத்’ என்ற பெயர் ஆங்கிலத்தில் முழுசாக வெளியே வந்தது.

புனிதன் பந்தை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டான்.

“மன்னிச்சிருங்க தாத்தா. எங்களுக்குத் தெரியாது. தினமும் இதுமேலதான் பந்தடிச்சோம்” என்றாள் விக்னேஸ்வரி. அவளுக்கு அழுகை முட்டியது.

ஹரோல்ட் தாத்தா ஈரப் புல்லில் அந்தக் கல்லை ஒட்டி உட்கார்ந்தார். பிறகு அவர் சொன்னதை நாகப்பன் தமிழில் சொன்னார்.

“ரூத்துக்குத் தனியா இருந்தா பயமாம். தொரைமார் கல்லறைக்கு யாரு வருவா, பெரட்டுக்களத்துக்குன்னா தெனமும் ஆள் வரும்னு அவங்கம்மா இங்க பொதைச்சாங்களாம். பெரட்டு எடம் மாறிப்போச்சுன்னு பின்னாடி கேள்விப்பட்டாங்க. இனி அவகிட்ட யாரு போவான்னு சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாங்களாம்.”

விக்னேஸ்வரி புனிதனைப் பார்த்தாள்.

“நாங்க வர்றோமே தாத்தா. தெனமும் வர்றோம்” என்றாள். “கோல் கம்பத்த வேணும்னா தள்ளி வச்சுக்கிறோம்.”

நாகப்பன் அதைச் சொன்னதும் தாத்தா பதறினார். “வேண்டாம், வேண்டாம்! இருக்கட்டும். ரூத் நன்றாக விளையாடுகிறாளா?”

“என்னோட கோல நெறைய தடவை தடுத்துட்டாங்க” என்றான் புனிதன், கொஞ்சம் கோபமாகவே.

நாகப்பன் அதையும் சொன்னதும் தாத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். மழை வலுத்தது. நாகப்பன் வேனுக்குப் போய் ஹாரன் அடித்தார். தாத்தா எழுந்து, விக்னேஸ்வரியிடம் பந்தைக் காட்டி ஒரு விரலை நீட்டினார். ஒரே ஒரு முறை!

விக்னேஸ்வரி பந்தை வாங்கி வைத்தாள்; பின்னால் போய், ஓடி வந்து உதைத்தாள்.

பந்து நேராகக் கல்லில் பட்டுத் திரும்பியது.

“அக்கா!” என்று கல்லைப் பார்த்து மழையில் கத்திக் கைதட்டினார் ஹரோல்ட் தாத்தா.